பட்டணம் போகிறவர்களுக்கும் அனுப்பி வைக்கிறவர்களுக்கும்

(சித்தையன்கோட்டையில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் கூடியிருந்த கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



கெட்டும் பட்டணம் சேர் என்று ஒரு பழமொழி உண்டு. ஊரிலே நொடித்துப் போனவனுக்குப் பட்டணத்திலே ஏதாவது ஒரு பிழைப்புக் கிடைக்கும் என்பது அதன் அர்த்தம். பழமொழி பட்டணம் சேரச் சொல்லுகிறது, அவ்வளவுதான். சேர்ந்த பிறகு எங்கே படுப்பது, எதைத் தின்பது, காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிடுவது, கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றினால் யாரிடம் போய் நிற்பது என்று அது சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட அந்தப் பாதியைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

வெளியூர் போன பிள்ளை இல்லாத வீட்டை இந்தத் தெருக்களிலே தேடித்தான் பிடிக்க வேண்டும். அறுப்பு முடிந்ததும் செம்பட்டியிலே பஸ் ஏறுகிறார்கள். ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான். ஒருவன் கோயம்புத்தூர் பவுண்டரிக்குப் போகிறான். ஒரு பெண் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்குப் போகிறாள். புருஷனும் பெண்சாதியுமாகச் சென்னையிலே கட்டட வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஏன் போகிறார்கள்? ஆத்தூர் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் பாய்கிற வயலிலேகூட இன்று அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டது. பத்துப் பேர் பொழுது சாய அறுத்த நெல்லை அது ஒரு வேளையிலே அறுத்துக் கொட்டிவிட்டு அடுத்த வயலுக்குப் போய்விடுகிறது. வயலிலே வேலை குறைந்துவிட்டது. வயிறு குறையவில்லை. ஆகவே போகிறார்கள்.

போகாதே என்று தடுக்க நான் வரவில்லை. வேலை தேடிப் போகிறவனைத் தடுக்க யாருக்கும் உரிமை கிடையாது. எப்படிப் போவது, போன இடத்திலே எப்படி நிற்பது என்பதுதான் பிரச்னை.

"நாலு மாசம்தானே!"

பட்டணம் போகிறவர்களிடம் பேசிப் பாருங்கள். எல்லார் வாயிலும் ஒரு வார்த்தை இருக்கும். "நாலு மாசம்தானே, தோழர்! வட்டிக்கடன் அடைகிற வரைக்கும்தானே! தங்கச்சி கல்யாணம் முடிகிற வரைக்கும்தானே!" இந்த "தானே" என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனியுங்கள்.

நாலு மாசம்தானே என்று எட்டடி அறையிலே ஒன்பது பேரோடு படுக்கிறான். நாலு மாசம்தானே என்று மூன்று வேளையும் கடைப் பரோட்டாவைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறான். நாலு மாசம்தானே என்று சங்கத்திலே சேராமல் ஒதுங்கி நிற்கிறான். பக்கத்துப் படுக்கைக்காரன் எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் இருக்கிறான்.

இந்த வார்த்தையை அவன் மட்டும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சொல்லுகிறார்: "நாலு மாசம்தானே இருக்கப் போகிறீர்கள், ஒப்பந்தம் எதற்கு?" காண்ட்ராக்டர் சொல்லுகிறார்: "நாலு மாச ஆளுக்கு பி.எப். எதற்கு, ஈ.எஸ்.ஐ. எதற்கு?" ஆபீசிலே சொல்லுகிறார்கள்: "நீ இந்த ஊர்க்காரன் இல்லை." தொழிலாளி ஆறுதலுக்காகச் சொல்லிக்கொள்கிற அதே வார்த்தையைத்தான் மற்றவர்கள் அவனுக்குச் சேர வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சாக்காக்குகிறார்கள். அந்த நாலு மாதமோ நாலு வருஷமாகிறது. பல பேருக்குப் பதினாலு வருஷமாகிறது.

இது இன்று நேற்று நடக்கிற காரியம் அல்ல. நம்முடைய மதுரைச் சீமையிலிருந்தும் ராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்தும் கங்காணிகள் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்களே, அவர்களும் கொஞ்ச காலம் இருந்து நாலு காசு சேர்த்துக்கொண்டு திரும்பத்தான் போனார்கள். முதலிலே காப்பித் தோட்டம், பிறகு தேயிலைத் தோட்டம். தலைமுறைகள் கடந்தன. பிறந்ததும் அங்கே, செத்ததும் அங்கே. 1948இல் இலங்கை சர்க்கார் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. பல லட்சம் தோட்டத் தொழிலாளர்கள் ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆனார்கள். பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரை இரண்டு சர்க்கார்களும் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த மலைகளையே தேயிலைக் காடாக்கிய மனிதர்கள் நூறு வருஷம் கழித்தும் "வந்து போகிறவர்கள்" கணக்கிலேதான் இருந்தார்கள்.

ஆகவே நான் சொல்ல வந்த விஷயம் இதுதான்: நாலு மாதத்துக்குப் போனாலும் சரி, அந்த நாலு மாதமும் அந்த ஊர்க்காரனாகவே வாழ வேண்டும். முதல் நாளிலிருந்து வாழ வேண்டும்.

பம்பாய் ஆலைத் தொழிலாளி செய்த காரியம்

இப்படி வாழ முடியுமா என்று கேட்பீர்கள். வாழ்ந்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் நம்மைப் போல ஆலைத் தொழிலாளிகளே.

பம்பாயில் 1850களிலே பஞ்சாலைகள் தோன்றின. பரேல், லால்பாக் வட்டாரத்திலே ஆலைக்குப் பக்கத்தில் ஆலை எழும்பியது. அந்த இடத்துக்கே கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர், என்று பெயர் வந்தது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி கொங்கணக் கரையிலிருந்தும் சதாரா பக்கத்திலிருந்தும் வந்த ஏழை விவசாயிகள். பெண்டாட்டி பிள்ளைகளைக் கிராமத்திலே விட்டுவிட்டு வந்தவர்கள். மழைக்காலத்தில் ஊர் போய் நடவு செய்து திரும்புகிறவர்களும் உண்டு. அவர்களும் "கொஞ்ச நாள்" என்றுதான் வந்தார்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு கிராமத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். மாதம் இவ்வளவு என்று வரி போட்டார்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போனால் இரவு ஷிப்டுக்காரன் வந்து அதே இடத்தில் படுப்பான். ஆளுக்கு ஒரு தகரப் பெட்டி. ஊரிலிருந்து புதிதாக வருகிற பையன் நேரே அந்த அறைக்குத்தான் வருவான். வேலை கிடைக்கிற வரைக்கும் அவனுக்கு அங்கே படுக்க இடம் உண்டு. ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டவும் கோயில் திருப்பணிக்கும்கூட அந்த அறையிலிருந்து பணம் போயிருக்கிறது.

சோற்றுக்கு என்ன செய்தார்கள்? கானாவள் என்று அங்கே சொல்லுவார்கள். ஆலைத் தொழிலாளி வீட்டுப் பெண்களே தங்கள் வீட்டிலே இன்னும் பத்துப் பேருக்கு, இருபது பேருக்குச் சேர்த்துச் சமைத்துப் போடுவார்கள். மாதச் சம்பளம் வந்த பிறகு பணம். 1974இல் பம்பாய்ப் பஞ்சாலைகளிலே 42 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சம்பளம் இல்லை, ஆனாலும் அந்தப் பெண்கள் சோறு போடுவதை நிறுத்தவில்லை. மளிகைக்காரரிடம் கடன் வாங்கிச் சமைத்தார்கள். கடைசியிலே கடன் அவர்கள் தலையில் விழுந்தது. அந்த அனுபவத்திலிருந்துதான் 1975இல் பிரேமா புரவ் என்ற அம்மையார் முன்னின்று அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற ஸ்தாபனம் உருவாயிற்று. சோறு சமைக்கிற பெண்கள் சங்கமாகச் சேர்ந்து பாங்கியிலே நியாய வட்டிக்குக் கடன் வாங்கினார்கள்.

1982 ஜனவரி 18இல் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 2,50,000 பஞ்சாலைத் தொழிலாளர்கள் ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப் பிடித்தார்கள். பாதிப் பேர் ஊர் போய் வயலிலே வேலை பார்த்தார்கள். மீதிப் பேரை அறையும் கானாவளும் தாங்கின. அந்தப் போராட்டம் வெற்றி பெறவில்லை. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அத்தனை மாதம் அவர்களை நிற்க வைத்தது எது? பொது அறையும் பொதுச் சோறும்தான். "நான் நாலு மாச ஆள்" என்று அவனவன் தனித்தனியே கிடந்திருந்தால் பத்தாம் நாளே கலைந்திருப்பார்கள்.

அறை, சோறு, காகிதம்

இப்போது நம்முடைய காரியத்துக்கு வருவோம். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. அறை, சோறு, காகிதம் என்று மூன்று விஷயம்.

முதலில் அறை. தனியாகப் போய் இறங்காதீர்கள். நாலு பேராகப் போங்கள். அல்லது ஏற்கெனவே போனவன் அறைக்குப் போங்கள். திருவல்லிக்கேணி மேன்சனிலே இடம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு ராத்திரி பதினோரு மணிக்கு மூட்டையோடு போய் நிற்காதீர்கள். வீடு எடுத்தால் எழுத்து மூலம் ஒப்பந்தம் கேளுங்கள். 2017ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமுலுக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்திலே இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்லுகிறது. முன்பணம் மூன்று மாத வாடகைதான் என்றும் சொல்லுகிறது. ஆனால் "வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர" என்று ஒரு சந்தும் விட்டிருக்கிறது. அந்தச் சந்திலே நுழைந்துதான் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டி வந்தால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத அட்வான்ஸ், வீட்டைக் காலி செய்கிற அன்றைக்குச் சுண்ணாம்பு அடித்த கணக்கிலும் குழாய் பழுது பார்த்த கணக்கிலும் கரைந்து போகும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பட்டணத்திலே சாதி இல்லை என்று சொல்லுகிறார்கள். அறை தேடிப் போய்ப் பாருங்கள். "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்பார்கள். பெயரைக் கேட்டுவிட்டு, "இப்போதுதான் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்" என்பார்கள். சேரிப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் இந்த அனுபவம் நிச்சயம் கிடைக்கும். இந்த ஊரிலே எல்லாத் தெருப் பிள்ளைகளும் பஸ்ஸிலே ஒன்றாகத்தான் ஏறுகிறார்கள். அங்கே போய் இறங்கியதும் அறைகள் தனித்தனியாகப் பிரியக் கூடாது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரே அறை எடுங்கள், ஒரே சட்டியிலே சோறு பொங்குங்கள்.

அடுத்தது சோறு. ஆறு பேர் இருந்தால் ஓர் அடுப்பு வாங்குங்கள். முறை போட்டுச் சமையுங்கள். ஒரு நோட்டிலே செலவு எழுதி மாசக் கடைசியில் ஆறாக வகுத்துக்கொள்ளுங்கள். சமைக்க முடியாத நாளிலே சென்னையில் அம்மா உணவகம் இருக்கிறது. 2013 பிப்ரவரியில் அதைத் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்று வைத்தார்கள். மூட்டை தூக்குகிறவனும் ஆட்டோ ஓட்டுகிறவனும் அங்கே வரிசையிலே நிற்கிறான். நாமும் நிற்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

சோற்றோடு சேர்ந்த விஷயம் தனிமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அறையிலே தனியாக இருக்கிறவனுக்கு மூன்று வழி திறந்திருக்கும். ஒன்று சாராயக் கடை. இரண்டாவது, கைபேசியிலே சூதாட்டம். மூன்றாவது, கைபேசியிலேயே கடன் கொடுக்கிறவன். மூன்றும் ஒரே குழிக்குத்தான் போய்ச் சேரும். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த நேரத்திலே பாத்திரம் கழுவுகிற வேலை இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. இதைச் சிறு விஷயம் என்று நினைக்காதீர்கள்.

மூன்றாவது காகிதம். நம் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு கட்டடத்திலே சாரத்திலிருந்து விழுந்தான். கால் எலும்பு முறிந்தது. மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசலிலே இறக்கிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வேலை நடந்த இடத்திலே போய்க் கேட்டால், "அப்படி ஓர் ஆள் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லையே" என்று பதில். ஐந்து மாதம் அவன் அங்கே கல் சுமந்திருக்கிறான். அவன் பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

2014 ஜூன் 28இல் சென்னை மவுலிவாக்கத்திலே கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் மாண்டார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் நம் ஜில்லாக்களிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளிகள். இடிபாடுகளுக்குள்ளே மொத்தம் எத்தனை பேர் என்பதே முதல் நாட்களில் உறுதியாகத் தெரியவில்லை. உயிரோடு வேலை வாங்குகிறபோது எழுதாத பெயரைச் செத்த பிறகு எங்கிருந்து எடுப்பது?

ஆகவே, கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நல வாரியத்திலே பதிவு செய்யுங்கள். 1994இல் தமிழ்நாட்டிலே கட்டடத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 18 வயதிலிருந்து 60 வயது வரை பதியலாம். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே இரண்டு நம்பர் கேளுங்கள். ஒன்று ஈ.எஸ்.ஐ. நம்பர், மற்றது பி.எப். நம்பர். மாதச் சம்பளம் 10,000 ரூபாய் என்றால் ஈ.எஸ்.ஐ.க்கு உங்கள் பங்கு 75 ரூபாய், முதலாளியின் பங்கு 325 ரூபாய். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அது உண்டு. தற்காலிகம் என்று சொல்லித் தள்ள முடியாது. வேலை மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த நம்பர் மாறாது. 2025 நவம்பர் 21இல் அமுலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புகளைப் பற்றித் தொழிற்சங்கங்களுக்குப் பல ஆட்சேபணைகள் உண்டு. ஆனாலும் வேலை நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ஆதார் அட்டையின் அசலையோ சர்ட்டிபிகேட் அசலையோ எந்த மேஸ்திரி கையிலும் கொடுக்காதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

பெண் பிள்ளைகள்

தாய்மார்களே, உங்கள் பெண்ணைக் கம்பெனி விடுதிக்கு அனுப்புகிறபோது, "கம்பெனியே வைத்துக்கொள்கிறது, சோறு போடுகிறது, பஸ் விடுகிறது" என்று நிம்மதி கொள்ளுகிறீர்கள். விடுதியைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லுகிறேன்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் தொழிற்சாலையிலே வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியிலே சாப்பாடு நஞ்சாயிற்று. 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியிலே சேர்ந்தார்கள். தங்களோடு படுத்திருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்றே மற்றவர்களுக்குத் தெரியவில்லை. சரியாகப் பதில் சொல்லுவாரும் இல்லை. டிசம்பர் 18இல் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூர் ரஸ்தாவிலே உட்கார்ந்துவிட்டார்கள். யார் இந்தப் பெண்கள்? ஜில்லா ஜில்லாவாகப் பஸ் ஏறி வந்தவர்கள். பெரும்பாலும் காண்ட்ராக்ட் முறையில் வந்தவர்கள். அந்தப் பட்டணத்திலே கடைத்தெருவுக்குப் போகக்கூட வழி தெரியாதவர்கள். தொழிற்சாலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12இல்தான் மறுபடி திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தேவையான தரத்திலே இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. பிறகு 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலிலே 18,720 பெண்கள் தங்குவதற்குச் சர்க்கார் முயற்சியிலே விடுதிக் கட்டடங்கள் திறக்கப்பட்டன. அந்தப் பெண்கள் "கொஞ்ச நாள்தானே, சகித்துக்கொள்வோம்" என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இத்தனையும் வெளியே தெரிந்திருக்குமா?

பெண் தங்குகிற விடுதிக்குக் கலெக்டரின் லைசென்சு வேண்டும் என்று 2014ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்லுகிறது. விடுதிக்கு லைசென்சு உண்டா, வார்டன் யார், ராத்திரியிலே உடம்பு சரியில்லை என்றால் வண்டி உண்டா, ஞாயிற்றுக்கிழமை வெளியே போக அனுமதி உண்டா என்று பெற்றவர்கள் கேளுங்கள். பெண்ணைப் பார்க்க விடமாட்டோம் என்று சொல்லுகிற விடுதிக்கு அனுப்பாதீர்கள். நம் ஜில்லா நூற்பாலைகளின் விடுதிகளுக்கும் இதே கேள்விகள்தான்.

கணக்கில் இல்லாதவர்கள்

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்கு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு அமுலாயிற்று. நாலு மணி நேர அவகாசம். வேலை போயிற்று, பஸ் இல்லை, ரயில் இல்லை. கையிலே இருந்த காசு எத்தனை நாளைக்குத் தாங்கும்? நடந்தார்கள். மே 8இல் மகாராஷ்டிரத்திலே அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தின் மேல் களைத்துப் படுத்திருந்த 16 தொழிலாளிகள் சரக்கு ரயிலிலே அடிபட்டு மாண்டார்கள். இங்கே கோயம்பேடு மார்க்கெட்டிலே நோய் பரவியபோது, அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் பட்டணத்திலே நிற்கவும் இடமில்லாமல், ஊருக்குள் நுழைந்தால் "நோயைக் கொண்டு வந்தான்" என்ற பேச்சையும் கேட்டார்கள்.

வேறு ராஜ்யத்திலிருந்து வருகிற தொழிலாளர்களுக்கு 1979இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். காகிதத்திலே அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்குப் போகிறவன் ராஜ்ய எல்லையைத் தாண்டவில்லை. அந்தச் சட்டத்திலே அவன் இடம் பெறவும் இல்லை.

ரேஷன் விஷயத்திலே ஒரு முன்னேற்றம் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து குடும்ப அட்டையை வேறு ஊர்க் கடையிலும் காட்டி வாங்க வழி வந்திருக்கிறது. கடைக்காரர் "உங்கள் ஊரிலே போய் வாங்குங்கள்" என்று சொன்னால், நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

ஓட்டு விஷயமோ மோசமாகியிருக்கிறது. 2025இல் தமிழ்நாட்டிலே வாக்காளர் பட்டியலை வீடு வீடாகத் திருத்தினார்கள். டிசம்பர் 19இல் வெளிவந்த வரைவுப் பட்டியலிலே 97 லட்சத்துக்கு மேல் பெயர்கள் இல்லை. இறந்தவர்களை விடக் குடிபெயர்ந்தவர்கள், முகவரியிலே காணப்படாதவர்கள் என்ற கணக்கிலே போன பெயர்கள்தான் மிகப் பெரும்பகுதி. வேலைக்குப் போனவன் கதவு தட்டிய நாளிலே வீட்டிலே எப்படி இருப்பான்? பிழைக்கப் போனதால் ஊரிலே பெயர் போகிறது. தற்காலிகம் என்று சொல்லி அங்கேயும் பெயர் ஏறுவதில்லை. உங்கள் பிள்ளையின் பெயர் பட்டியலிலே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 6ஆம் எண் படிவம் எழுதிக் கொடுங்கள்.

நம் ஊருக்கு வந்தவர்கள்

இன்னொரு விஷயத்தையும் பேசாமல் நான் இறங்கக் கூடாது. சிலருக்குக் கசக்கலாம்.

வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளிலே போய்ப் பாருங்கள். ஒரிசா, பீகார், ஜார்க்கண்ட் வாலிபர்கள் ரிங் பிரேமுக்குப் பக்கத்திலே நிற்கிறார்கள். "இந்திக்காரன் வந்து நம் கூலியைக் கெடுக்கிறான்" என்று நம் ஆலைத் தொழிலாளிகள் பேசுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளை ஒரகடத்திலே யார்? இவன்தான். நம் பெண் ஸ்ரீபெரும்புதூர் விடுதியிலே யார்? இவளுடைய தங்கைதான். கூலியைக் கெடுப்பது வந்தவன் அல்ல. வந்தவனுக்குக் குறைத்துக் கொடுத்து, அதைக் காட்டி உள்ளூர்க்காரனுக்கும் குறைப்பவன்தான் கெடுக்கிறான். "நாலு மாச ஆள்தானே" என்று சொல்லித்தான் அவனுக்கும் குறைக்கிறார்கள்.

1921இல் சென்னை பக்கிங்காம் – கர்நாடிக் ஆலைகளிலே மாதக்கணக்காக வேலைநிறுத்தம் நடந்தது. 1918இலேயே தொழிலாளர் சங்கம் கண்ட இடம் அது. ஆனால் அந்த வேலைநிறுத்தம் சாதி வழியே பிளந்தது. ஆதி திராவிடத் தொழிலாளர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று ஆயிற்று. புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன, உயிர்கள் போயின, துப்பாக்கிச் சூடு நடந்தது. கடைசியிலே வேலைநிறுத்தம் தோற்றது. குடியிருப்பிலே, கிணற்றடியிலே, சாப்பாட்டிலே அதுநாள் வரை தள்ளி வைத்த மனிதனை ஆலை வாசலிலே மட்டும் "வா, ஒன்றாக நிற்போம்" என்றால் அவன் எப்படி வருவான்?

2023 மார்ச்சிலே, தமிழ்நாட்டிலே பீகார்த் தொழிலாளிகளை அடிக்கிறார்கள் என்று பொய்ப் படங்களைப் பரப்பினார்கள். பயந்து பல பேர் ரயில் ஏறினார்கள். பீகார் சர்க்காரிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்து, அது பொய் என்று தெரிந்தது. பொய் அவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் என்ன? அந்தத் தொழிலாளிக்கு இங்கே விசாரித்துத் தெரிந்துகொள்ள ஒரு சிநேகிதன் இல்லை. பக்கத்து ஊர்த் தொழிலாளி ஒருவன் அவன் விடுதிக்குப் போய், "தம்பி, அப்படி ஒன்றும் இல்லை, நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் அந்த ரயிலிலே அத்தனை கூட்டம் இருந்திருக்காது.

ஊர் செய்ய வேண்டியது

தோழர்களே, பேச்சை முடிக்கிறேன். பட்டணம் போகிறவர்கள் செய்ய வேண்டியதைச் சொன்னேன். ஊரிலே இருக்கிறவர்களுக்கும் வேலை உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இந்தப் பேரூராட்சியிலிருந்து யார் யார் எந்த ஊருக்குப் போயிருக்கிறார்கள், எந்தக் கம்பெனி, காண்ட்ராக்டர் பெயர் என்ன, எந்த அறை, அறையிலே கூட இருக்கிறவன் டெலிபோன் நம்பர் என்ன என்று தெருத் தெருவாக எழுதுங்கள். எல்லாத் தெருக்களையும் எழுதுங்கள். ஒரு தெருவும் விடக் கூடாது. திருப்பூரிலே எட்டுப் பேர், ஒரகடத்திலே பதினைந்து பேர் என்று கணக்குத் தெரிந்துவிட்டால், அந்தப் பதினைந்து பேரும் தனித்தனியாகக் கிடக்க வேண்டியதில்லை. ஒருவருக்கொருவர் இருக்கிற இடம் தெரியும். ஒருவனுக்கு விபத்து என்றால் பதினாலு பேர் போய் நிற்பார்கள். அங்கே இருக்கிற தொழிற்சங்கத்திலே பதினைந்து பேரும் சேர்ந்தே சேரலாம்.

அதே நோட்டின் கடைசிப் பக்கங்களிலே, நம்மைச் சுற்றியுள்ள ஆலைகளுக்கு வெளி ராஜ்யங்களிலிருந்து வந்திருப்பவர்களின் பெயரையும் எழுதுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் பெயர் கேட்கத் தெரியும்.

அடுத்த அறுப்புக்குள்ளே அந்த நோட்டு நிரம்பியிருக்க வேண்டும். யார் பொறுப்பு எடுக்கிறீர்கள் என்று இப்போதே சொல்லுங்கள். தெருவுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும்.